டெஸ்ட்ல டூப் போடுறது எப்படி? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தானா ஓடுற டெஸ்ட் இல்லாம எந்தக் கோடையும் சர்வருக்கு ஏத்தாதீங்கன்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், மெயில் எல்லாம் படிச்சா பாதிக்கு மேல ஒரே இடத்துல தான் மாட்டிக்கிட்டு இருக்கீங்க. எஸ்எம்எஸ், பேமென்ட், டேட்டாபேஸ், கடிகாரம் இதெல்லாம் நம்ம கோடோட பின்னிப் பிணைஞ்சு கெடக்கும்போது டெஸ்ட் எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. அதனால இந்த மாசம் மாக் ஆப்ஜெக்ட் (டெஸ்ட்ல நெஜ ஆப்ஜெக்டுக்கு பதிலா நிக்கிற டூப்), டிபெண்டன்சி இஞ்செக்‌ஷன் ரெண்டு மட்டும் தான்.

கேள்வி: அக்கா, நான் ஒரு கிளினிக்குக்கு ரிமைண்டர் ஆப் பண்றேன், ஜாவா, ஸ்பிரிங் பூட். நாளைக்கு யாருக்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் இருக்குன்னு பார்த்து எஸ்எம்எஸ் அனுப்பணும். டெஸ்ட் ஓட்டினா நெஜமாவே எஸ்எம்எஸ் போயிடுது, கிரெடிட் காலியாகுது. அதனால டெஸ்டையே கமெண்ட் பண்ணி வச்சிருக்கேன். இன்னா பண்றது?
- வாசகர், காட்பாடி

பதில்: தம்பி, கிரெடிட் போறது கூட பரவாயில்லை. நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல இதே மாதிரி ஒரு ஆப்ல வேலை பார்த்தேன், டெஸ்டுக்குன்னு வச்சிருந்த டேட்டாபேஸ்ல யாரோ நெஜ போன் நம்பரை காப்பி பண்ணி போட்டிருந்தாங்க, அது எனக்குத் தெரியாது, ராத்திரி பதினோரு மணிக்கு டெஸ்ட் ஓட்டிட்டு தூங்கப் போயிட்டேன். மறுநாள் காலையில அணைக்கட்டு பக்கம் ஒரு பாட்டி முதல் பஸ்ஸைப் புடிச்சு வந்து ஆஸ்பத்திரி வரிசையில நின்னுட்டாங்க. கையில போன், அதுல நான் அனுப்பின மெசேஜ். அவங்களுக்கு அன்னிக்கு அப்பாயின்ட்மென்டே கிடையாது. கவுண்டர்ல இருந்தவர் எங்களுக்கு போன் பண்ணி சொன்னப்ப எனக்கு கை நடுங்கிப் போச்சு. வேலூருக்கு வைத்தியத்துக்கு எங்கெங்கேருந்தோ ஜனங்க வர்றாங்க, நம்ம டெஸ்ட் அவங்க போன் வரைக்கும் போகவே கூடாது.

இப்ப உங்க கோடுக்கு வர்றேன். ரிமைண்டர் கிளாஸுக்கு உள்ளயே நியூ போட்டு எஸ்எம்எஸ் அனுப்புற ஆளை, அதாவது அந்த ஆப்ஜெக்டை, உருவாக்கியிருக்கீங்க. அந்த ஒரு வரி தான் பிரச்சனை. உள்ள உருவாக்கிட்டா வெளியில இருந்து யாரும் அவரை மாத்த முடியாது. அந்த வரியைத் தூக்கிட்டு, கன்ஸ்ட்ரக்டர்ல (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுற பகுதி) அவரை வாங்கிக்கங்க. முதல்ல ஒரு இன்டர்ஃபேஸ் எழுதுங்க, அதுல ஒரே ஒரு மெத்தட், நம்பரும் செய்தியும் குடுத்தா அனுப்பணும், அவ்ளோ தான். நெஜ கேட்வேயோட, அதாவது எஸ்எம்எஸ்ஸை அனுப்பிக் குடுக்கிற வெளி சர்வீஸோட, பேசுற கிளாஸ் அந்த இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்ணட்டும். ரிமைண்டர் கிளாஸுக்கு இன்டர்ஃபேஸ் மட்டும் தான் தெரியணும், அதுக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு தெரியவே கூடாது. தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போகாம வெளியில இருந்து கையில வாங்கிக்கிறது, இது தான் டிபெண்டன்சி இஞ்செக்‌ஷன். பேரு பெருசா இருக்கேன்னு பயப்படாதீங்க. மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில எழுதின ஒரு கட்டுரைக்கு அப்புறம் தான் இந்தப் பேரு பரவலாச்சு, அதுக்கு முன்னாடியும் ஜனங்க இப்படி கோடு எழுதிக்கிட்டு தான் இருந்தாங்க.

கிளாஸையெல்லாம் தானா உருவாக்கி இணைச்சுக் குடுக்கிற ஃப்ரேம்வொர்க் தான் ஸ்பிரிங். இதுக்கு அது வேணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, வேணாம். டெஸ்டுக்குள்ள நீங்களே நியூ ரிமைண்டர்னு எழுதி, கன்ஸ்ட்ரக்டர்ல மாக்கிட்டோ (ஜாவாவுல மாக் செஞ்சு குடுக்கிற லைப்ரரி) செஞ்ச மாக்கைக் குடுத்துட்டா போதும். ஸ்பிரிங்கை எழுப்பினா டெஸ்ட் ஓட நொடிக்கணக்குல ஆகும், எழுப்பாம ஓட்டினா கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். ஸ்பிரிங்கோட சேர்த்து ஓட்ட வேண்டிய டெஸ்டும் சிலது இருக்கும் தான், அதுக்கு மட்டும், ஸ்பிரிங்குக்குள்ள நெஜ ஆளுக்கு பதிலா மாக்கை வைக்கிற மாக்கிட்டோபீன் போடுங்க. பழைய மாக்பீனை ஸ்பிரிங் பூட் 3.4-லயே வேணாம்னு சொல்லிட்டாங்க.

சரி, டெஸ்ட்ல எதைப் பார்க்கணும்? நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறவருக்கு மெசேஜ் போகச் சொல்லிச்சா, நாளன்னிக்கு இருக்கிறவருக்கு போகலையா, கேன்சல் பண்ணவருக்கு போகலையா. இதெல்லாம் நீங்களே எழுதிடுவீங்க. பத்து பேருக்கு அனுப்பும்போது மூணாவது ஆளுக்கு கேட்வே எர்ரர் குடுத்தா மீதி ஏழு பேருக்கும் போகுதா? இதை எழுதாம விட்றாதீங்க தம்பி. நெஜ கேட்வேகிட்ட போய் "மூணாவது ஆளுக்கு மட்டும் கொஞ்சம் ஃபெயில் ஆகுப்பா"ன்னு சொல்ல முடியாது, மாக்கிட்ட ஒரே வரியில சொல்லிடலாம். எஸ்எம்எஸ் காசு மிச்சம்ங்கிறதுக்காக மட்டும் மாக் இல்ல, நெஜத்துல வேணும்னு வரவழைக்க முடியாத கெட்ட நேரத்தை மேசை மேலயே வரவழைக்கிறதுக்குத் தான் அது.

கேள்வி: மேடம், மாக், ஸ்டப், ஃபேக் மூணும் ஒண்ணா வேறயா? இன்டர்வியூல கேட்டாங்க, ஒளறிட்டேன்.
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: வேற வேற தான்மா. பொதுவா இதுக்கெல்லாம் டெஸ்ட் டபுள்னு பேரு, ஜெரார்ட் மெசாரோஸ் 2007-ல வந்த தன் புக்குல இந்தப் பேரை வச்சு வகை பிரிச்சாரு. சினிமாவுல ஹீரோவுக்கு பதிலா மாடியில இருந்து குதிக்கிறவர் இருக்காரே, அவரை மனசுல வச்சுத் தான் பேரே வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல நாம டூப்னு சொல்றோமே, அதே தான்.

ஸ்டப்னா கேட்டதுக்கு முன்கூட்டியே எழுதி வச்ச பதிலை சொல்ற டூப். நாளைய லிஸ்ட் குடுன்னா ரெண்டு பேரைக் குடுக்கும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. மாக் ஒரு படி மேல, இன்ன மெத்தடை இன்ன மதிப்போட கூப்பிடணும்னு முன்னாடியே எதிர்பார்ப்பை வச்சுக்கிட்டு நிக்கும், கூப்பிடலைன்னா டெஸ்டை விழ வச்சிடும். நடந்ததை எல்லாம் குறிச்சு வச்சுட்டு அப்புறமா நாம விசாரிச்சா சொல்றது ஸ்பை, மாக்கிட்டோவுல வெரிஃபை போடுறது (கூப்பிட்டாங்களான்னு அப்புறமா சரிபார்க்கிறது) உண்மையில இந்த வகை தான். ஃபேக்குக்கு வேலையே தெரியும், ஆனா குறுக்கு வழியில செய்யும், டேட்டாபேஸுக்கு பதிலா ஒரு ஹேஷ்மேப்ல சேமிச்சு வச்சுத் திருப்பிக் குடுக்கிற மாதிரி. கடைசியா டம்மி, கன்ஸ்ட்ரக்டர் கேக்குதேன்னு சும்மா குடுக்கிறது, யாரும் தொட மாட்டாங்க.

மாக் ஆப்ஜெக்ட்ங்கிற யோசனை எழுத்துல வந்தது 2000-ல, டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் மூணு பேர் சேர்ந்து எழுதின கட்டுரையில. இன்டர்வியூல இதையெல்லாம் ஒப்பிக்க வேணாம். பதில் சொல்றது ஸ்டப், கூப்பிட்டாங்களான்னு பார்க்கிறது மாக், இதை உங்க ப்ராஜெக்ட்ல இருந்தே ஒரு உதாரணத்தோட சொன்னா அவங்களுக்குப் போதும்.

கேள்வி: அக்கா, நாங்க ஆன்லைன்ல ஷூ விக்கிற சின்ன டீம். பேமென்ட் பகுதிக்கு மாக் வச்சு டெஸ்ட் எழுதினோம், எல்லாமே பச்சை, அதாவது பாஸ். லைவ் போன அன்னிக்கே 1,499 ரூபா ஷூவுக்கு கஸ்டமர்கிட்ட 14 ரூபா 99 பைசா தான் எடுத்திருக்கு. அப்ப டெஸ்ட் எழுதி என்னா பிரயோஜனம்னு ஓனர் கேக்குறாரு.
- வாசகர், ஆம்பூர்

பதில்: கேக்கத் தான் செய்வாரு, அவர் கோவம் நியாயம். ஆனா ஆம்பூர்காரர் நீங்க, இதுக்கு பதில் உங்க ஊர்லயே இருக்கு.

எங்க நைனா ஒரு ஷூ கம்பெனியில லாஸ்டிங் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் இருந்தாரு. லாஸ்ட்னா உங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன், பிளாஸ்டிக்ல செஞ்ச கால் அச்சு. தோலை அது மேல போர்த்தி, மெஷின்ல இழுத்துப் பிடிச்சு, சூடு காட்டி, அடிப்பாகம் ஒட்டின அப்புறம் தான் அச்சை உருவுவாங்க. ஷூ முழுசா தயாராகி வெளிய வர்ற வரைக்கும் ஒரு நெஜ காலும் உள்ள போறதில்லை, கால் இருக்க வேண்டிய இடத்துல அச்சு தான் இருக்கும். ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து காலை நீட்டச் சொல்ல முடியுமா, அதனால அச்சு இல்லாம வேலை நடக்காது. ஆனா நைனா ஒண்ணு சொல்லுவாரு: அச்சு ஒரு நூல் தப்பா இருந்தா அத்தனை ஷூவும் அச்சுக்கு அருமையா பொருந்தும், கால்ல போட்டா கடிக்கும். அதனால புது மாடல் வந்தா முதல் ஜோடியை அந்த சைஸ் கால் இருக்கிற ஒருத்தரைப் போட்டு நடக்கச் சொல்லிட்டு தான் மத்ததை ஓட்டுவாங்களாம்.

உங்க மாக் அந்த அச்சு. பணம் வசூல் பண்ணித் தர்ற பேமென்ட் கேட்வே பைசாவுல கேக்குது, நீங்க ரூபான்னு நினைச்சீங்க. 1499-னு அனுப்பினா அவங்க கணக்குல அது 1,499 பைசா. கோடு எழுதினதும் நீங்க, மாக் எழுதினதும் நீங்க, அதே தப்பான நினைப்பு ரெண்டு பக்கமும் போய் உக்காந்துக்கிச்சு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அழகா பொருந்தி பச்சை காட்டிச்சு. மாக்குக்கு கேட்வேயைப் பத்தி சொந்தமா ஒண்ணும் தெரியாது, நீங்க சொன்னதைத் தான் திருப்பிச் சொல்லும்.

என்ன பண்ணணும்னா, கேட்வேகாரங்க குடுக்கிற லைப்ரரியை நேரா மாக் பண்றதை இன்னியோட நிறுத்துங்க. 2004-ல ஃப்ரீமன் குழு எழுதின இன்னொரு கட்டுரையிலயே இதைத் தெளிவா சொல்லியிருக்காங்க, உங்களுக்கு சொந்தமான டைப்பை மட்டும் மாக் பண்ணுங்கன்னு. அதனால உங்க பக்கத்துல "வசூல்"னு ஒரு இன்டர்ஃபேஸ் வைங்க, அதுக்கு ஆர்டரும் தொகையும் குடுங்க, தொகையை வெறும் எண்ணா குடுக்காம பணம்னு ஒரு தனி கிளாஸா குடுங்க. மீதி கடை முழுக்க இந்த வசூலை மாக் பண்ணி டெஸ்ட் எழுதலாம். அதுக்கும் கேட்வேக்கும் நடுவுல ஒரு சின்ன அடாப்டர் கிளாஸ், நூறால பெருக்குறது அங்க மட்டும் தான், வேற எங்கயும் பைசாங்கிற பேச்சே வரக்கூடாது.

இப்ப அந்த அடாப்டருக்கு மாக் கிடையாது. அதை கேட்வேயோட டெஸ்ட் மோடுல நெஜமாவே கூப்பிட்டுப் பாருங்க, 1,499 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் போட்டு, அவங்க பக்கத்துல எவ்ளோன்னு பதிவாகியிருக்குன்னு திருப்பி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்க. நெட்வொர்க் தேவைங்கிறதால ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்ட வேணாம், ராத்திரிக்கு ஒரு தரம், ரிலீஸுக்கு முன்னாடி ஒரு தரம் போதும். இது தான் கால்ல போட்டு நடந்து பார்க்கிறது. மாக் வச்ச டெஸ்ட் நூறு இருந்தா இந்த மாதிரி டெஸ்ட் நாலஞ்சு இருக்கும், ஆனா அந்த நாலஞ்சு இல்லாம அந்த நூறை நம்பவே முடியாது.

அச்சையும் அப்பப்ப அளந்து திருத்தணும். சென்னையில இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சிஎல்ஆர்ஐ 1 லட்சம் பேருக்கு மேல கால் அளவு எடுத்து, இந்தியக் காலுக்குன்னே தனி சைஸ் முறை வேணும்னு சொன்னாங்க இல்லையா, நம்ம கால் முன்பக்கம் அகலம், இங்கிலாந்து ஐரோப்பா அளவு நமக்கு ஒத்து வராதுன்னு. அதே மாதிரி கேட்வேகாரங்க அவங்க ஏபிஐ-யை (நம்ம கோடு அவங்களோட பேசுற முறையை) மாத்தினா உங்க மாக்குக்கு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. ராத்திரி ஓடுற அந்த டெஸ்ட் தான் சொல்லும். ஓனர்கிட்ட இதை இப்படியே சொல்லுங்க, ஷூ விக்கிறவருக்குப் புரியாம போகாது.

கேள்வி: கோடுல வெளிய தெரியிற மாதிரி ஒண்ணுமே மாத்தலை, உள்ள கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன், 40 டெஸ்ட் சிவப்பாயிடுச்சு. மாக்கே வேணாம்னு தோணுது.
- வாசகர், குடியாத்தம்

பதில்: மாக்கை அளவுக்கு மீறி போட்டிருக்கீங்க. ஒவ்வொரு மெத்தடையும் எத்தனை தடவை, எந்த வரிசையில கூப்பிட்டாங்கன்னு வெரிஃபை பண்ணியிருப்பீங்க, அப்ப அந்த டெஸ்ட் வேலை சரியா நடந்துச்சான்னு பார்க்கலை, கோடை வரிக்கு வரி காப்பி எடுத்து வச்சிருக்கு. நான் வச்சிருக்கிற வழக்கம் என்னன்னா, தகவல் கேட்டு வாங்குற கூப்பாட்டுக்கு ஸ்டப் போட்டுட்டு விட்டுடுவேன், வெரிஃபை பண்ண மாட்டேன், கேட்டு வாங்கலைன்னா பதிலே தப்பா வந்துடும் இல்ல. வெளி உலகத்துல ஏதாவது நடக்க வைக்கிற கூப்பாடு, மெசேஜ் அனுப்பு, பணம் எடு, ஃபைலை அழி, இதை மட்டும் வெரிஃபை பண்ணுவேன். கூட்டல் கழித்தல் பண்ற கிளாஸ், வெறும் டேட்டாவை வச்சிருக்கிற கிளாஸ் இதுக்கெல்லாம் டூப்பே வேணாம், நெஜ ஆளையே போடுங்க.

கேள்வி: அக்கா, தவணை கணக்கு பார்க்கிற ஆப் எங்களோடது. தவணை தேதி நேத்தோட முடிஞ்சிருந்தா அபராதம் வரணும், அதுக்கு ஒரு டெஸ்ட். பகல்ல ஓட்டினா பாஸ், ராத்திரி 2 மணிக்கு சர்வர்ல தானா ஓடும்போது மட்டும் ஃபெயில். பேய் புடிச்ச மாதிரி இருக்கு.
- வாசகி, ஆரணி

பதில்: உங்க சர்வர் கடிகாரம் யூடிசி-ல, அதாவது உலகப் பொது நேரத்துல, இருக்கும், பாருங்க. நம்ம நேரம் அதை விட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. இங்க ராத்திரி 2 மணின்னா அங்க முந்தின நாள் ராத்திரி எட்டரை. உங்க டெஸ்ட் இந்திய நேரத்துல இன்னிக்கு தேதியை எடுக்குது, கோடு சர்வர் நேரத்துல எடுக்குது, நடுராத்திரி 12-ல இருந்து காலையில அஞ்சரை வரைக்கும் ரெண்டும் வேற வேற தேதி. டெஸ்ட் விழுந்தது நல்லதுக்குத் தான், இல்லைன்னா அந்த நேரத்துல பணம் கட்டுற ஒருத்தருக்கு தப்பான தேதி விழுந்திருக்கும்.

நேரமும் ஒரு டிபெண்டன்சி தான், எஸ்எம்எஸ் மாதிரியே. இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. 2014-ல வந்த ஜாவா 8-ல இருந்தே கிளாக்னு ஒரு கிளாஸ் இருக்கு, அதை கன்ஸ்ட்ரக்டர்ல வாங்கிக்கங்க, இன்னிக்கு தேதி வேணும்னா லோக்கல்டேட் நவ்-க்கு அந்தக் கிளாக்கைக் குடுத்துக் கேளுங்க. நெஜத்துல ஏசியா கொல்கத்தா ஸோன் வச்ச கிளாக், டெஸ்ட்ல கிளாக் ஃபிக்ஸ்டு, அதுல நேரம் நகராது. அப்புறம் பாருங்க, பிப்ரவரி 29, டிசம்பர் 31 ராத்திரி 11:59, எல்லாத்தையும் பகல் டீ நேரத்துலயே டெஸ்ட் பண்ணலாம். மாக்கிட்டோ கூட தேவைப்படாது.

கேள்வி: பைத்தான்ல பேட்ச் போட்டும் நெஜ ஃபங்ஷன் தான் ஓடுது, ஏன்?
- வாசகர், வாணியம்பாடி

பதில்: பேட்ச்னா டெஸ்ட் ஓடும்போது மட்டும் நெஜ ஃபங்ஷன் இடத்துல டூப்பை மாட்டுறது. ஃபங்ஷன் பிறந்த மாட்யூல்ல பேட்ச் பண்ணியிருப்பீங்க, அதை எந்த மாட்யூல் இம்போர்ட் பண்ணி வச்சுக்கிட்டு கூப்பிடுதோ அங்க பண்ணணும். ஃப்ரம் போட்டு இம்போர்ட் பண்ணா அந்த மாட்யூல் தனக்குன்னு ஒரு பேரை வச்சுக்கும், பழைய இடத்துல மாத்தினா இதுக்குத் தெரியாது. பேட்ச் இருக்கிற லைப்ரரி, யூனிட்டெஸ்ட் மாக், 2012-ல பைத்தான் 3.3-லயே கூட சேர்ந்து வந்துடுச்சு, தனியா எதுவும் போட வேணாம். இன்னொண்ணு, ஆட்டோஸ்பெக் (நெஜ ஆள்கிட்ட இருக்கிற பேரை மட்டும் மாக் ஏத்துக்கணும்னு சொல்றது) போடாம மாக் பண்ணாதீங்க. வெறும் மாக்குக்கு எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சரின்னு தலையாட்டும், ஸ்பெல்லிங் தப்பா கூப்பிட்டா கூட பச்சை தான். என்னைக் கேட்டா பேட்ச் பண்றதையே குறைச்சுட்டு, பைத்தான்லயும் ஆர்கியுமென்ட்டா வெளியில இருந்து குடுங்க, இந்தக் குழப்பமே வராது.

கேள்வி: மேடம், நீங்க சொல்ற மாதிரி எல்லாத்தையும் கன்ஸ்ட்ரக்டர்ல வாங்கினா ஒரு கிளாஸுக்கு 9 பாராமீட்டர் வருது. பார்க்கவே அசிங்கமா இருக்கு, ஃபீல்டு மேல ஆட்டோவயர்டு போட்டு, ஸ்பிரிங்கே நிரப்பிக்கட்டும்னு மறைச்சுடட்டுமா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: மறைக்காதீங்க சார். அந்த 9 ஏற்கனவே இருந்தது தான், இப்பத் தான் கண்ணுக்குத் தெரியுது. ஒரே கிளாஸ் ஒம்போது பேரை நம்பி நிக்குதுன்னா அது மூணு கிளாஸ் வேலையை ஒண்ணா செய்யுதுன்னு அர்த்தம், பிரிங்க. ஃபீல்டுல போட்டா ஸ்பிரிங் இல்லாம டெஸ்ட்ல உருவாக்கவும் கஷ்டம், ஒண்ணை மறந்தா ஓடும்போது தான் உள்ள ஒண்ணுமே இல்லைன்னு நல் (null) எர்ரர் வந்து விழும். கன்ஸ்ட்ரக்டர்னா மறந்தா கம்பைலே ஆகாது. ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தா ஆட்டோவயர்டுன்னு எழுதக் கூட வேணாம், 2016-ல வந்த ஸ்பிரிங் 4.3-ல இருந்தே அப்படித் தான்.

கேள்வி: அம்மா, நான் பார்க்கிறது 12 வருஷப் பழைய கோடு. ஒரு டெஸ்ட் கூட கிடையாது, எங்க பார்த்தாலும் நியூ, ஸ்டாட்டிக். எல்லாத்தையும் திருப்பி எழுத டைம் குடுக்க மாட்டாங்க. எங்க கை வைக்கிறது?
- வாசகர், திருப்பத்தூர்

பதில்: திருப்பி எழுதவே எழுதாதீங்க சார். அடுத்து உங்ககிட்ட வர்ற பக்-ஐ எடுத்துக்கங்க, அது இருக்கிற கிளாஸ் மட்டும் தான் இந்த வாரம். அதுல பழைய கன்ஸ்ட்ரக்டர் அப்படியே இருக்கட்டும், கூப்பிடுற நூறு இடமும் உடையாம இருக்கும். பக்கத்துல ரெண்டாவதா ஒரு கன்ஸ்ட்ரக்டர் போடுங்க, அது வேண்டியதை வெளியில இருந்து வாங்கட்டும், பழையது உள்ள நெஜ ஆளை உருவாக்கி இந்தப் புதுசைக் கூப்பிடட்டும். ஸ்டாட்டிக் கூப்பாடா இருந்தா அதை அதே கிளாஸ்ல ஒரு சின்ன மெத்தடுக்குள்ள தனியா எடுத்து வைங்க, டெஸ்ட்ல சப்கிளாஸ் பண்ணி அந்த ஒரு மெத்தடை மட்டும் மாத்திக்கலாம். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல பழைய கோடைப் பத்தியே ஒரு புக் எழுதினாரு, இந்த மாதிரி பிரிச்சு நுழையிற இடத்துக்கு சீம்னு பேர் வச்சாரு, தையல் போட்ட இடம்னு அர்த்தம்.

கோடை மாத்துறதுக்கு முன்னாடி, இப்ப அது என்ன பண்ணுதோ அதையே, தப்பா இருந்தாலும், அப்படியே எதிர்பார்க்கிற ஒரு டெஸ்ட் எழுதி பச்சையாக்குங்க. அப்புறம் அந்த எதிர்பார்ப்பை சரியான பதிலுக்கு மாத்துங்க, சிவப்பாகும். அப்புறம் பக்-ஐ சரி பண்ணுங்க. திங்கக்கிழமை வர்ற முதல் பக்-ல ஆரம்பிச்சுப் பாருங்க, எங்கயாவது முட்டிக்கிச்சுன்னா அந்தக் கிளாஸ்ல கம்பெனி விவரம் எல்லாத்தையும் எடுத்துட்டு எனக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல வரிக்கு வரி சேர்ந்து பிரிச்சுப் பார்க்கலாம்.